சுத்தம் என்று வந்த முடிவு

இந்தக் காலத்தில் எவனும் நேர்வழியில் ஜெயிப்பதில்லை என்பது பெரியவரின் தீர்மானம். சைக்கிள் பந்தயத்தில் முதலாவதாக வந்த சொந்த மகனைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை.

“நேத்து வரைக்கும் நாக்குத் தள்ளினவன், இன்னைக்கு எப்படிடா பறந்தே? எத்தனை ஊசி?”

“சத்தியமா ஒண்ணுமில்லப்பா. இந்தா, சோதனைக்கு மூத்திரம் பிடிச்சாச்சு. முடிவு வரட்டும், நீயே பாரு.” புட்டியை மேஜையில் வைத்துவிட்டுச் சட்டை மாற்றப் போனான் மகன்.

சுத்தம் என்றுதான் முடிவு வந்தது. “இப்பவாவது நம்புறியாப்பா?” என்று மகன் குதித்தான்.

ஆறு மாதம் கழித்து, அதே மகன் ஆஸ்பத்திரியில் எலும்பும் தோலுமாகக் கிடந்தான். விரையில் வந்த புற்றுநோய் நுரையீரல் வரை பரவியிருந்தது. டாக்டர் பெரியவரைத் தனியே அழைத்தார்.

“இந்த நோய் அப்பவே இருந்திருந்தா, இது சுரக்கிற ஹார்மோனை அந்த ஊக்கமருந்து சோதனையே காட்டிக் கொடுத்திருக்கும். அப்பவே தெரிஞ்சா காப்பாத்தியிருக்கலாம். சுத்தம்னு வந்திருக்கே, அப்ப அதுக்கப்புறம்தான் வந்திருக்கு. யார் மேலயும் தப்பில்லங்கய்யா.”

அன்று, பிள்ளை மாட்டிக்கொள்வானே என்று பயந்து, அதிகாரி வந்து சீல் வைக்குமுன் புட்டியில் இருந்ததைக் கொட்டிவிட்டுத் தன் மூத்திரத்தை நிரப்பி வைத்தவர் பெரியவர்தான்.

“நிஜமாத்தான் சொல்றேன், யார் மேலயும் தப்பில்ல,” என்றார் டாக்டர் மறுபடியும்.

பெரியவர் நம்பாமல் நடந்தார்.