போடாத பூஜ்யம்

துளையிடும் இயந்திரம் மறுபடியும் பாதியில் நிற்கிறது. அதை இயக்கும் கம்ப்யூட்டரின் திரை உறைந்து கிடக்கிறது; அதன் நெற்றியில் ஆயுத பூஜைக் குங்குமம். "பூஜையன்னிக்குப் புதுக் கம்பைலரை ஏத்தினது நீதானே வேம்புலி? அன்னியிலேர்ந்துதான் இந்தக் கூத்து" என்கிறார் முதலாளி நாகப்பன். "நல்ல நேரம் பாத்துதான் மொதலாளி ஏத்துனேன். இப்ப இன்னா, நான்தான் ராகு காலமா?" "வாயப் பாரு! நாளையிலேர்ந்து வராத." அம்பத்தூர் வெயில் ஜன்னல் கம்பி வழியே தரையில் கோடு போடுகிறது. கம்பைலர் இயந்திர மொழிக்கு மாற்றும் அந்த ப்ரோக்ராமை எழுதிய ஞானகுமாரி, அதை அச்சடித்த நீளத்தாளை அங்கே விரித்து, சிவப்புப் பென்சிலோடு வரிவரியாக இறங்குகிறாள். காலையிலிருந்து அவளும் வேம்புலியைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறாள். பென்சில் சட்டென்று நிற்கிறது. துளைகளை எண்ணத் தொடங்கும் இடத்தில் பூஜ்யம் போட அவள்தான் மறந்திருக்கிறாள். பழைய கம்பைலர் அதைத் தானாகவே போட்டு மூன்று வருஷம் அவள் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறது; புதியது போடுவதில்லை, அதனால் எண்ணிக்கை ஏதோ ஒரு எண்ணில் தொடங்கி இயந்திரம் பாதியில் நின்றுவிடுகிறது. வாசலில் வேம்புலி டிபன் கேரியரைத் துணிப்பையில் திணிக்கிறான். "இன்னாம்மா, கண்டுபுடிச்சியா? யார் தப்பு?" அவள் தாளை முதலாளி பக்கம் திருப்பி அந்த வரிமேல் விரலை வைக்கிறாள். "வேம்புலிண்ணே, போவாதீங்க" என்கிறாள், தலை நிமிராமல்.