பக்கத்து நாற்காலி

"டீயெல்லாம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, வந்தவர் நாற்காலியை அவள் பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

பத்திரிகை ஆசிரியரின் அறை. கதவு சாத்தியிருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் ஆசிரியர், ஏற்கெனவே துடைத்த மூக்குக்கண்ணாடியையே மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தார்.

வந்தவர் பாதுகாப்புத் துறை அதிகாரி. வெள்ளைச் சட்டை, மழமழவென்று சவரம் செய்த முகம், காரியமாக வந்த சம்பந்தியைப் போல ஒரு சிரிப்பு.

ரோந்துப் படகு கவிழ்ந்து ஒன்பது கடற்படை வீரர்கள் மூழ்கிப்போனார்கள். அத்தனை பேரும் லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தார்கள். மிதக்க வேண்டிய ஜாக்கெட் தண்ணீரைக் குடித்து, கல்லாய்க் கனத்து, ஆளையே உள்ளே இழுத்துப் போட்டது. வாங்கியவர்களுக்கு இது முன்பே தெரியும் என்று அவள் இந்தப் பத்திரிகையில் எழுதினாள். ஜாக்கெட்டைச் சோதித்துப் பார்த்த ஒருவர் அவளிடம் சொல்லியிருந்தார்.

அந்த ஒருவர் யார் என்பதுதான் இப்போது நாட்டின் பாதுகாப்பு.

"நாடு இருந்தாத்தானேம்மா பத்திரிகை? பேரை மட்டும் சொல்லுங்க. உங்களுக்கு ஒண்ணும் வராம நான் பாத்துக்கறேன்."

அவள் காதைத் தீட்டி வைத்திருந்தாள்.

அவளைச் சுற்றி இருப்பவர்களில் யாரோ இவர்களுக்குத் தகவல் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டாவது கட்டுரை அச்சுக்குப் போகும் முன்பே தடையுத்தரவு வந்துவிட்டது. இன்னும் வெளிவராத தலைப்பு அதில் எழுத்துப் பிசகாமல் இருந்தது.

அன்றிலிருந்து ஆசிரியரைப் பாம்பென்று தாண்டவும் முடியவில்லை, பழுதென்று மிதிக்கவும் முடியவில்லை. அரசாங்க விளம்பரம் நின்றுபோன பிறகு மனிதர் பாதி ஆளாகியிருந்தார்.

கண்ணாடித் தடுப்புக்கு வெளியே ஒட்டடை நின்றுகொண்டிருந்தான். புகைப்படக்காரன். ஒட்டடைக்குச்சி உயரம் என்பதால் அந்தப் பெயர். அவளோடு கலவரத்திலும் வெள்ளத்திலும் அலைந்தவன். இந்த மாதம் புதுக் கேமரா வாங்கியிருந்தான். காசு ஏது என்று அவள் கேட்கவில்லை. கேட்காமலே, மாமனார் கொடுத்தார் என்றான்.

மாமனார் கொடுத்ததை எந்த மருமகன் தானாக ஒப்புக்கொள்வான்?

ஆசிரியர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்தார். "அந்தப் பொண்ணு சொல்லாது சார். நானும் சொல்லச் சொல்ல மாட்டேன். கூட்டிட்டுப் போறதுன்னா என்னைக் கூட்டிட்டுப் போங்க."

குரல் நடுங்கவில்லை.

நடிப்பாகவும் இருக்கலாம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அதிகாரி அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் பக்கம் குனிந்து, வீட்டு மனிதரைப் போல விசாரித்தார்.

"பல் வலி இப்ப எப்படிம்மா இருக்கு? டாக்டரைப் பாக்கக் காத்துட்டு இருந்தீங்களே... பக்கத்து நாற்காலில வந்து உக்காந்தது யாரு?"

அவள் முகத்தில் ஈயாடவில்லை.

அதிகாரிக்கு அது போதுமாயிருந்தது. "உங்க மேல அக்கறை உள்ளவங்கதாம்மா சொன்னாங்க. நாளைக்கு வர்றேன், யோசிச்சு வைங்க" என்று எழுந்து போனார்.

கதவு மூடியதும் ஆசிரியர் குழம்பிப்போய்க் கேட்டார். "அந்த ஆளைப் பாத்தது பல் டாக்டர்கிட்டயா? ஆஸ்பத்திரியில மருந்து வாங்கற வரிசையிலன்னுல்ல எங்கிட்ட சொன்னே?"

ஆமாம், அவரிடம் அப்படித்தான் சொன்னாள். ஒட்டடையிடம் பழைய புத்தகக் கடை என்று சொன்னாள். ஆளுக்கு ஓர் இடம். எல்லாமே பொய். எந்தப் பொய் இந்த அறைக்குத் திரும்பி வருகிறது என்று பார்க்கத்தான் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள்.

"மன்னிச்சிடுங்க சார்" என்றாள். எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை.

அவளுக்குப் பல் வலி வந்ததே இல்லை.

பல் டாக்டர் கதையைச் சொன்னது அக்காவிடம். அம்மா போன பிறகு, தான் சாப்பிடாமல் அவளுக்கு ஊட்டி வளர்த்த அக்கா. தடையுத்தரவில் இருந்த அந்தத் தலைப்பையும் அவளிடம்தான் முதலில் படித்துக் காட்டியிருந்தாள். இவளைப் போய்ச் சோதிப்பதா என்று நாக்கு கூசியது. ஊராருக்கு ஒரு நியாயம், உடன்பிறந்தவளுக்கு ஒரு நியாயமா என்றுதான் ஒப்புக்குச் சொல்லி வைத்தாள்.

பல் வலி என்று கேட்டதும் அக்கா அன்று பதறிப்போனாள். செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடிப்போய்க் கிராம்புத் தைலம் வாங்கி வந்தாள். பஞ்சில் நனைத்து, "ஆ காட்டுடி" என்று தாடையைப் பிடித்து, வலிக்காத பல்லில் தன் கையாலேயே வைத்துவிட்டாள்.