ஆள் இருக்க வேண்டிய அறை

“வீட்டுல இருந்து வேலை பாக்க முடியாது சார். இந்த சர்வர் ரூம்லதான் உக்காரணும்,” என்றார் மேலாளர்.

தலையை ஆட்டினேன். எட்டு மாதமாக வேலையில்லாமல் வீட்டில் கிடப்பவனுக்கு எந்த அறையும் சொர்க்கம்தான்.

போன வாரம் பள்ளிப் படிவத்தில் ‘தந்தையின் தொழில்’ என்ற இடத்தில் என் மகள் ‘இருக்கிறார்’ என்று எழுதியிருந்தாள். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

டேட்டாபேஸில் பதினெட்டு வருட அனுபவம் எனக்கு. நேர்காணலில் அதைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை. எவ்வளவு நேரம் எழுந்திருக்காமல் உட்கார முடியும் என்றுதான் கேட்டார்கள்.

எனக்கு முன்பு இருந்தவர் பதினொரு வருடம் இதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாராம். ஒருநாள்கூட டேட்டாபேஸ் படுத்ததில்லை. மாலையில் அறையைப் பூட்டிச் சாவியோடு கிளம்பிவிடுவார், அப்போதும் ஓடும்.

அவர் ஓய்வு பெற்ற அன்றே படுத்துவிட்டது. பிறகு மூன்று பேர் வீட்டிலிருந்தபடியே முட்டி மோதிப் பார்த்துவிட்டுக் கைகழுவிவிட்டார்கள். யாராவது வந்து அறையில் உட்கார்ந்தால் ஓடுகிறது. எழுந்து போனால் படுத்துக்கொள்கிறது.

“அதுக்கு ஆள் பழகணும் போல சார்,” என்றார் மேலாளர், சர்வரின் காதில் விழுந்துவிடக் கூடாது என்பதுபோலக் குரலைத் தாழ்த்தி. முன்னவரின் மேசையைத் தொடக்கூட இதுவரை யாருக்கும் தைரியம் வரவில்லையாம்.

இருவரும் சர்வரையே பார்த்தபடி அசையாமல் நின்றோம்.

விளக்கு அணைந்தது. ஏசியும் அடங்கியது.

மேலாளர் பழக்கதோஷத்தில் கையை வீசினார். இரண்டும் திரும்ப வந்தன. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க வைத்த ஏற்பாடு என்றார்.

அண்ணாந்து பார்த்தேன். கூரையில் எலுமிச்சை அளவில் ஒரு சென்சார். அறையில் ஆள் அசைந்தால் ஏசி ஓடும். அசையாவிட்டால் ஏசி நிற்கும், சர்வர் கொதிக்கும், டேட்டாபேஸ் படுக்கும். அவ்வளவுதான் விஷயம். எலக்ட்ரீஷியனுக்குப் பத்து நிமிட வேலை.

சொல்ல வாயெடுத்தேன். மகளின் கையெழுத்து கண்முன் வந்து நின்றது.

“இதுக்கு அனுபவம் வேணும்ங்க,” என்றேன். வெட்கமாகத்தான் இருந்தது.

அன்றே வேலையில் சேரச் சொல்லிவிட்டார்கள்.

முதல் மாதம் போகட்டும், உண்மையைச் சொல்லிவிடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் ஒன்று மட்டும் எங்கேயோ உதைத்தது. முன்னவர் பூட்டிக்கொண்டு போன பிறகு இங்கே யார் அசைந்தது?

மேலாளர் வெளியே போனதும் மேசையின் கடைசி டிராயரை இழுத்தேன்.

உள்ளே பேட்டரியில் தாளம் தட்டும் ஒரு பொம்மைக் குரங்கு. கழுத்தில் நூலால் கட்டிய சீட்டு.

‘மாலை கிளம்பும்போது மேசைமேல் வைத்து ஓடவிடவும். முதல் மாதம் முடிந்ததும் சொல்லிவிடத்தான் நானும் நினைத்தேன்.’