எந்தப் படகு?

"எந்தப் படகுல வந்தீக? பேரச் சொல்லுங்க" என்று படகுக்காரன் கேட்டதும் எங்கள் கூட்டமே வாயை மூடிக்கொண்டது.

கருத்தக்கண்ணன் அண்ணன் மட்டும் தொண்டையைச் செருமினார்.

நாங்கள் சுருளிப்பட்டிக்காரர்கள். திராட்சை வெட்டு முடிந்த கையோடு, தெருவே சேர்ந்து வேன் பிடித்துக் கடல் பார்க்க வந்திருந்தோம்.

கரையை ஒட்டி வரிசையாகத் தீவுகள், வயலுக்கு வரப்புக் கட்டினாற்போல. அலையெல்லாம் அந்தப் பக்கத்தோடு சரி. இந்தப் பக்கம் கடல், கண்மாய் மாதிரிக் கிடந்தது. தீவு தீவாகச் சுற்றி, கடைசித் தீவில் இறங்கிக் காலை நனைத்துவிட்டுத் திரும்ப ஏறும் நேரம்.

துறையில் ஐந்தாறு படகுகள். எல்லாம் ஒரே நீலம்.

எங்கள் படகின் பெயர் எங்களுக்குத் தெரியாமலா? காலையில் ஏறும்போதே வாசித்துவிட்டு ஒருவரையொருவர் கிள்ளிக்கொண்டோம். முன்பக்கத்தில் மஞ்சள் பெயின்ட்டில் கொட்டை எழுத்து: வேல்விழி.

அண்ணனின் ஒரே மகள் பெயர். கடற்கரைப் பையன் கிங்ஸ்லியைக் கட்டிக்கொண்டு போனவள். அண்ணன் அன்றைக்கே அவளைத் தலை முழுகிவிட்டார். அந்தப் பெயர் என் வாயில் வராது என்று சத்தியம் வேறு. எங்கள் தெருக் கண்டக்டர் மகளுக்கும் அதே பெயர். அவளை நாலு வருஷமாக "ஏ, கண்டக்டர் மகளே" என்றுதான் கூப்பிடுகிறார்.

இத்தனைக்கும் படகு பிடித்தது அவர்தான். கொசுறுக் கறிவேப்பிலைக்கே பேரம் பேசுகிற மனுஷன், காலையில் வாய் திறக்காமல் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தார். பாவம், கண் மங்கிவிட்டது என்று நினைத்தேன்.

"அந்தா, கடைசியில நிக்கிதே, அது" என்றார் இப்போது.

"எல்லாம் ஒண்ணு போலத்தேன் நிக்கிது. பேரச் சொன்னாத்தேன் ஏத்துவேன்."

முகத்தில் துண்டு சுற்றிய இந்த ஆள்தான் எங்களை ஏற்றி வந்தவன். அதற்குள் மறந்துவிட்டானே, இவனை நம்பியா கடலுக்குள் வந்தோம் என்று எனக்குச் சிரிப்பு.

அண்ணன் மனைவி அக்கம்மாள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நின்றாள்.

"சொல்லுங்கண்ணே. இல்லாட்டி இங்கனயே குடியிருக்க வேண்டியதுதேன்" என்றேன் நான். யாராவது சொல்ல வேண்டாமா?

அண்ணன் தண்ணீரைப் பார்த்தார்.

"வேல்விழி."

"கேக்கலை."

"வேல்விழி!" தோட்டத்தின் அந்தக் கோடிக்குக் கேட்கிற குரல்.

படகுக்காரன் துண்டை இறக்கினான். அண்ணன் பார்க்க மறுத்த கல்யாண போட்டோவில் நான் பார்த்திருந்த முகம்.

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். லைனிலேயே இருந்தது. "மாமா" என்று நீட்டினான்.

அண்ணன் வாங்கிக் காதில் வைத்தார். நானும் ஒட்டிப்போய் நின்றேன். பாழாய்ப்போன என்ஜின் சத்தத்தில் அவள் என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை.

அவர் சொன்னது கேட்டது.

"காலையிலயே வாசிச்சுட்டுத்தேன் ஆத்தா ஏறுனேன்."