வாயைத் திறக்காதே

"இந்த வீடு வேண்டாம் மச்சான்" என்றான் மாப்பிள்ளை, மறுபடியும்.

சாவிக்கு எரிச்சலாக வந்தது. எந்தப் பூட்டும் அவன் கைக்கு மசிந்துவிடும் என்பதால் சொந்தத் தங்கைகூட அவனை 'சாவியண்ணா' என்றுதான் கூப்பிடுவாள். அந்தத் தங்கையின் கணவனுக்கு வேலை போய்விட்டது. தினமும் காலையில் தலை வாரி, சட்டை தேய்த்துப் போட்டுக்கொண்டு வேலை தேடிக் கிளம்புகிறான், கிடைத்தபாடில்லை. பாவம் என்று தொழிலுக்குக் கூட்டி வந்தால், முதல் நாளே முரண்டு பிடிக்கிறான்.

"ஏன், குடிவரப் போறியா, காத்தோட்டம் பார்க்க?"

"உள்ளே ஒரு பெட்டி இருக்கு. நாம பேசினா கேக்கும். யார் குரல்னு கண்டுபிடிச்சிடும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஜன்னல் வழியாப் பார்த்தேன்."

சாவி யோசித்தான். போன தடவை அவனைக் காட்டிக்கொடுத்தது வாசல் மணிக்குள் இருந்த கேமரா. இந்தத் தடவை மாட்டினால் இரண்டு பேரும் உள்ளே போக வேண்டியதுதான். தங்கை கைக்குழந்தையோடு தெருவில் நிற்பாள்.

வீட்டுக்காரி தனியாக இருப்பவள். மத்தியானம் வேலைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவாள். இதைவிட நல்ல வீடு அமையாது.

"அப்ப வாயைத் திறக்காம வேலையை முடிப்போம்" என்றான் சாவி. "உன் பயத்துக்கு அதுதான் மருந்து."

பின்கதவு சத்தமில்லாமல் திறந்தது. கூடத்தில், பூச்சாடிக்குப் பக்கத்தில், கறுப்பாக உட்கார்ந்திருந்தது அந்தப் பெட்டி. தட்டு போன்ற ஒரு இயந்திரம் ஆளில்லாத வீட்டில் தானாகவே சுற்றிச் சுற்றித் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தது. சாவிக்கு அந்த வீட்டின் மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது.

மாப்பிள்ளை உதட்டில் விரலை வைத்தபடி நேராகப் படுக்கையறைக்குப் போனான். சீக்கிரம் கிளம்பினால் போதும் என்பதுபோல அலமாரியைத் திறந்து, மடித்து வைத்த துணிகளுக்குப் பின்னால் கைவிட்டான். நகைப்பெட்டி வந்தது.

சாவிக்கு உடம்பெல்லாம் பூரித்தது. இத்தனை வருஷத் தொழிலில் தனக்கே இப்படி முதல் கையிலேயே சிக்கியதில்லை. தங்கையைச் சரியான இடத்தில்தான் கொடுத்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு மாப்பிள்ளையின் முதுகில் தட்டினான்.

கூடத்தின் ஈரத்தரையில் மாப்பிள்ளைக்குக் கால் வழுக்கியது.

"ஐயோ, இடுப்பு போச்சே" என்று அலறிக்கொண்டு மல்லாந்து விழுந்தான். அடுத்த நொடியே இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டான்.

பெட்டியின் தலையில் நீல விளக்கு எரிந்தது. போலீசுக்குத் தகவல் போகிறது, இனி ஓடவும் நேரமில்லை என்று சாவி நகைப்பெட்டியை மார்போடு அணைத்தபடி உறைந்து நின்றான்.

பெட்டி நிதானமான பெண்குரலில் பேசியது.

"குரல் சரிபார்க்கப்பட்டது. வாங்க செல்லக்குட்டி, வழக்கம்போல படுக்கையறை விளக்கை மங்கலாக்கட்டுமா?"