ரோஜாவுக்கு வாங்கிய மருந்து

"பூச்சி மருந்து பூச்சிக்குத்தான்யா. மனுஷனுக்கா?"

சோமசுந்தரம் கட்டிலருகே நின்று உபதேசத்தை ஆரம்பித்துவிட்டார். கட்டிலில் கிடந்தவன் கன்னையா, மலேசியாவின் கிள்ளானில் அவர் வீட்டுத் தோட்டக்காரன். ஐந்து நாளாகத் தொண்டைக்குள் குழாய். அதைச் சற்று முன்புதான் எடுத்திருந்தார்கள். உபதேசம் செய்ய இதைவிட நல்ல நேரம் வாய்க்குமா?

"ஈரல், கிட்னி ரெண்டும் அடி வாங்கியிருக்கு. ஹார்ட்டும் இனி பழையபடி வராது. கனமான வேலை கூடாது," என்று சொல்லிவிட்டு டாக்டர் நகர்ந்தார்.

"கேட்டியா? பொண்டாட்டி பிள்ளைங்கள நெனச்சியா நீ?"

கன்னையா ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"பேசாதே. பெரியவங்க சொன்னா கேட்டுக்க."

சோமசுந்தரத்துக்கு மருந்து போனதுதான் இன்னும் ஆறவில்லை. ரோஜாச் செடிகளுக்கென்று பார்த்துப் பார்த்து வாங்கியது. இவன் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருடுகிறான் என்று அவருக்கு நெடுநாள் சந்தேகம். அதனால்தான் பாதியை வேறொரு போத்தலில் ஊற்றி, வீட்டில் யாரிடமும் சொல்லாமல் ஒளித்து வைத்திருந்தார். கெட்டிக்காரர். இல்லாவிட்டால் இந்தப் பாவி அதையும் சேர்த்துக் குடித்திருப்பானே!

போலீஸ் சார்ஜன் ராதாகிருஷ்ணன் நோட்டுப் புத்தகத்தோடு வந்தார்.

"தற்கொலைக்கு முயற்சி பண்ணா கோர்ட்டு கேஸ் லா, தெரியும்தானே? உண்மையச் சொல்லு. யாராச்சும் குடுத்தாங்களா, நீயா குடிச்சியா?"

கன்னையாவுக்கு மூச்சு வாங்கியது.

"நானேதான் குடிச்சேன், சார்."

"எழுதிக்குங்க சார்ஜன், நல்லா எழுதிக்குங்க," என்றார் சோமசுந்தரம். "இவனுங்களுக்கெல்லாம் இரக்கமே காட்டக் கூடாது."

சார்ஜன் எழுதிக்கொண்டு போனார். சோமசுந்தரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"சரி, நான் வரேன். இன்னிக்குப் பேரன் பொறந்த நாள். வீடு பூரா பிள்ளைங்க. என் வீட்டுக்காரி சிவகாமி ஒருத்தியா எல்லாருக்கும் தண்ணி கலக்கிட்டிருப்பா."

கன்னையா படுத்தபடியே அவர் கையைப் பிடித்தான்.

"என்ன தண்ணி, முதலாளி?"

"ஆரஞ்சுதான். வேறென்ன?"

பிடி இறுகியது.

"முதலாளி, உடனே வீட்டுக்குப் போன் பண்ணுங்க! சமையல்கட்டு அலமாரியில, பின்னால இருக்கற ஆரஞ்சு போத்தலக் கொட்டச் சொல்லுங்க. அதுல யாரோ மருந்த ஊத்தி வெச்சிருக்காங்க. அன்னிக்கு சிவகாமி ஆச்சி அதத்தான் எனக்குக் கலக்கிக் குடுத்தாங்க. அவங்களுக்குச் சளி, எனக்குக் காலையிலேருந்து மருந்தடிச்ச மூக்கு. ரெண்டு பேருக்கும் வாசம் தெரியல."

சோமசுந்தரம் சட்டைப்பையில் போனைத் தேடினார்.

"ஓடுங்க, முதலாளி! ஆனா ஆச்சிகிட்ட மட்டும் இதச் சொல்லிடாதீங்க. வெயில்ல நிக்கிறானேன்னு பாவப்பட்டுக் குடுத்தாங்க. தெரிஞ்சா தாங்க மாட்டாங்க."