டக்கென்று ஒரு சத்தம்

"அஞ்சாவது தடவையா வந்திருக்கேன்! கிளட்சை மிதிச்சா இன்னும் 'டக்'குங்குது. ரிப்பேர் பண்றீங்களா, இல்ல என் காதுல பூ சுத்துறீங்களா?"

சர்வீஸ் சென்டரே அதிரும்படி கத்தினார் கார்க்காரர். பக்கத்தில் அவர் மனைவி கைப்பையை அணைத்தபடி நெளிந்தாள்.

"கிளட்ச் பிளேட், கேபிள் எல்லாம் மாத்தி, கடைசியா பெடலையே மாத்தியாச்சு சார். நான் ஓட்டினா சத்தமே வரலையே" என்றார் மெக்கானிக்.

"அப்போ நான் பொய் சொல்றேனா? ஏறி உட்காருங்க, காட்டுறேன்!"

மெக்கானிக் முன் சீட்டிலும் மனைவி பின் சீட்டிலும் ஏறினார்கள். கார்க்காரர் கிளட்சை ஓங்கி மிதித்தார்.

டக்!

"கேட்டுச்சா?"

மெக்கானிக் முகத்தில் ஈயாடவில்லை. "கேட்டுச்சு சார்..."

"இனி உங்ககிட்ட பேசிப் பிரயோசனமில்ல. மேனேஜரையே பார்த்துக்கிறேன்!"

கதவை அறைந்து சாத்திவிட்டு, மாடியிலிருந்த மேனேஜர் அறைக்கு விறுவிறுவென்று படியேறினார்.

டக்... டக்... டக்...

கீழே எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள்.

"என்னங்க! அது வண்டி இல்லீங்க, உங்க முட்டி!" என்று கூவினாள் மனைவி.

அவர் பாதிப் படியில் நின்று, இடது காலை மெல்ல மடக்கிப் பார்த்தார். டக்!

மெக்கானிக் நிம்மதியாக மூச்சு விட்டார்.

"மன்னிச்சிடுங்க சார். இந்த மாடலுக்கு எங்ககிட்ட ஸ்பேர் பார்ட்ஸ் வர்றதில்ல."